கருவடிக்குப்பத்தில் உறங்கும் வாத்தியார்

விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறிப் போன கூட்டங்கள் கொஞ்சமா? பாட்டாளிகள் போனார்கள், பட்டாளத்தார் போனார்கள், பக்தர்கள் போனார்கள். இன்றைய தோழர்கள் காணாத இன்னொரு கூட்டமும் போனது. தகரப் பெட்டிகளில் காக்காய்ப்பொன் கிரீடங்கள், சுருட்டிக் கட்டிய படுதாக்கள், துணி போர்த்திய ஆர்மோனியம், தூக்கம் கலையாத சிறுவர்கள், அவர்களைத் தலை எண்ணிச் சரிபார்க்கும் ஒரு மானேஜர். ஆம், நாடகக் கம்பெனி ஊர் மாறுகிறது! விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு 1879-லேயே இருப்புப் பாதை வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட அந்தப் புதுவையில்தான், 1922 நவம்பர் 13-ல், அத்தகைய கம்பெனி ஒன்றின் ஆசிரியர் கண்ணை மூடினார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர்தாம் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் என்றதும் நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். காவி கட்டியவர், கந்தனைப் பாடியவர், புராணத்தை நாடகமாக்கியவர். அவரைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். புராணத்தில் அவரோடு நமக்கு ஒப்புதல் இல்லை. இல்லை என்பதை மறைக்கப் போவதுமில்லை. ஆனால் நாம் ஏறி நின்ற மேடைக்குப் பலகை அடித்தவன் யார் என்று தெரியாமல் இருப்பதும் பகுத்தறிவு ஆகாதே!

1867-ல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரன் தமிழ் அறிந்தவர். முதற் பாடம் அவரிடம். பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும். படித்தவருக்குக் கிடைத்த வேலை என்ன? உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை! வெண்பா எழுத வேண்டிய கை, மூட்டைக் கணக்கு எழுதியது. இருபத்து நான்கு வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

அந்நாளில் நாடகத்துக்குப் போவது என்றால் என்ன தெரியுமா? கூத்தாடி என்றார்கள். பெண் கொடுக்கமாட்டார்கள், வீடு வாடகைக்குக் கிடைக்காது. இரவெல்லாம் ராஜா, விடிந்தால் திண்ணை கிடைக்காத பரதேசி. அந்தத் தொழிலுக்குள் ஓர் இலக்கணப் புலவர் தலை நிமிர்ந்து நுழைந்தார். எமனாக வந்தார், இராவணனாக வந்தார், இரணியனாக வந்தார், சனீசுவரனாக வந்தார். அவருடைய எமன் வேடத்தைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தி மருண்டு கரு கலைந்தது என்றும், அது கேட்டு மனம் உடைந்து வேடம் போடுவதையே விட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளை அவரை மகனைப் போல் வைத்துக்கொண்டு தாளத்தின் நுட்பங்களைக் கற்றுக்கொடுத்தார். சுவாமிகளின் சந்தப் பாட்டுகளில் அந்த லயம் ஒலிப்பது இதனால்தான்.

வேடம் போனது, வாத்தியார் வந்தார். தமிழ் நாடகத்துக்கு நல்ல காலம் அங்கே தொடங்கியது என்போம்.

அதுவரை நடிகர்கள் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஒருவன் இராமன் கதையில் நிற்பான், எதிரில் நிற்பவன் எங்கோ போய்விடுவான். சுவாமிகள் வசனம் எழுதிக் கொடுத்தார், பாட்டு எழுதிக் கொடுத்தார், எதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தினார். பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்கவில்லை. சரி, சிறுவர்களைப் பழக்குவோம் என்று முடிவு செய்தார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது இந்தப் பின்னதில்தான். சிறுவன் சண்முகத்துக்காக ஒரே இரவில், விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்றால், அந்த எழுதுகோலின் வேகத்தை எண்ணிப் பாருங்கள்!

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் என்று நாற்பதுக்கு மேல் எழுதினார். வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் எதிரெதிர் நின்று வாதம் செய்யும் கட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கேள்வி பறக்கும், மறுமொழி பாயும். விடிய விடிய உட்கார்ந்து எழுத்தறியாத உழவன் தீர்ப்புச் சொல்வான். மேடைப் பேச்சைச் சுவைக்கத் தமிழனுக்குக் காது எங்கே வந்தது என்று கேட்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

சுவாமிகள் மறைந்த பின் டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் தங்கள் சொந்த சபையைத் தொடங்கினார்கள். அதில் வளர்ந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அதில் வளர்ந்தவர்தாம் நடிப்பிசைப் புலவர் கே.ஆர்.இராமசாமி; அறிஞர் அண்ணாவின் வேலைக்காரியை ஊர் ஊராக மேடையேற்றியவர். ஆண்டான் அடிமைக் கதையைக் கொட்டகை அதிரச் சொன்ன அந்தக் குரல் பழகியது யாருடைய பள்ளியில்? காவியுடுத்தவரின் மாணவர்கள் நடத்திய பள்ளியில்!

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் நாம் பாதி உண்மை சொன்னவர்கள் ஆவோம். பாலர் கம்பெனி பூஞ்சோலை அல்ல. ஏழைத் தகப்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பிள்ளையை விட்டுப் போவான். இரவில் நாடகம், பகலில் பாடம், தப்பினால் பிரம்படி. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராஜபார்ட் போட்ட பையன் திரைக்குப் பின்னால் படுதா இழுப்பான். எத்தனை பிள்ளைகள் எழுத்தும் கற்காமல், தொழிலும் கிட்டாமல் தெருவில் நின்றார்கள்! அந்த ஏற்பாட்டுக்குச் சுவாமிகளும் ஓர் ஆசிரியர்தாம். அதை மன்னித்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. அதே சமயம், பள்ளிக்கூட வாசல் திறக்காத வீட்டுப் பிள்ளைக்கு வெண்பாவையும் கலித்துறையையும் வாயில் போட்டவரும் அவர்தான் என்பதையும் மறக்க மனம் வரவில்லை.

இறுதிக் காலத்தில் பக்கவாதம் தாக்கியது. கை விழுந்தது, கால் விழுந்தது, அந்தோ, பேச்சும் போயிற்று! ஆயிரம் பேருக்குப் பேச்சு எழுதித் தந்தவர் வாய் திறக்காமல் கம்பெனியோடு கிடந்தார். மனைவி இல்லை, மக்கள் இல்லை. இருந்தவர்கள் கம்பெனிப் பிள்ளைகள். சாகும்போது வயது ஐம்பத்தைந்து.

இன்று புதுவைப் பல்கலைக் கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரால் நடக்கிறது. இந்திரா பார்த்தசாரதி அங்கே நாடகப் பேராசிரியராக இருந்தவர். கூத்தாடி என்று திண்ணை மறுக்கப்பட்ட தொழிலுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள், மகிழ்கிறோம். ஆனால் அவருடைய நாடகங்களை ஆடிப் பிழைப்பவர்கள் அங்கில்லை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் சங்கம் வைத்து, திருவிழாக் காலத்தில் ஓர் இரவுக் கூலிக்கு ஆளுக்கொரு வேடமாகப் போய்ச் சேரும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் அவர்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர்; ஒத்திகை கிடையாது. வாத்தியார் எழுதிய பாட்டு எல்லார் நெஞ்சிலும் இருப்பதால் நாடகம் நடக்கிறது. திருவிழா ஓய்ந்த மாதங்களில் அடுப்பு எரிவதற்கு வழி இல்லை. அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக் கழகம், அந்த நடிகர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, சொந்தமாக ஒரு தொழில்முறைக் கம்பெனியே நடத்தினால் என்ன? மாணவனும் கற்பான், நடிகனும் பிழைப்பான். கேட்கிறோம், கேட்பதில் தவறில்லையே.

ஆண்டுதோறும் நவம்பரில் குருபூசைக்கு நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பம் வருகிறார்கள். திண்டிவனத்துத் தோழர்களுக்குப் புதுவை ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். விழுப்புரத்தார்க்கு அதுகூட ஆகாது. சமாதியில் விழுந்து கும்பிடச் சொல்லவில்லை. ஓரமாக நின்று அந்த மனிதர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள். பாட்டு முடிந்ததும் ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, அன்றிரவு வேடம் இருக்கிறது என்று வண்டி பிடிக்க ஓடுவார்கள்.