இசை நாடகக் கவிஞர் லொரென்சோ டா போன்டே

மேல்நாட்டு இசையுலகில் மொசார்ட் என்னும் மேதையின் பெயரை அறியாதவர் இலர். ஆயினும், அம்மேதையின் புகழ்பெற்ற இசை நாடகங்கள் மூன்றுக்குப் பாட்டெழுதிய கவிஞரை அறிந்தவர் சிலரே. அவர்தாம் லொரென்சோ டா போன்டே. இத்தாலியில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாய் மறைந்தவர் அவர்.

வெனிஸ் குடியரசைச் சேர்ந்த செனெடா என்னும் சிற்றூரில், 1749ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் இம்மானுவேல் கொனெலியானோ. சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையார் கத்தோலிக்கப் பெண் ஒருவரை மறுமணம் புரிவதற்காக, 1763இல் பிள்ளைகளோடு கிறித்துவராக மாறினார். திருமுழுக்கு அளித்த ஆயரின் பெயரே அக்கால வழக்கப்படி மூத்த மகனுக்குச் சூட்டப்பெற்றது. அவ்வாயரின் ஆதரவால் பிள்ளைகளுக்குக் கல்வியும் கிட்டியது. 1773இல் டா போன்டே குருவாகத் திருநிலை பெற்றார். எனினும், அவ்வாழ்க்கை அவருக்குப் பொருந்தவில்லை. நடத்தையில் குற்றம் சாட்டப்பெற்று, 1779இல் வெனிசிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போக்கிடம் தேடி அலைந்தவருக்கு வியன்னா நகரம் வாழ்வளித்தது. பேரரசர் இரண்டாம் யோசேப்பு, 1783இல் அவரை இத்தாலிய நாடக அரங்கின் கவிஞராக அமர்த்தினார். இசை நாடகத்தில் கதையே பாட்டாக நடைபெறும். எனவே, இசையமைப்பாளருக்கு இணையாகக் கவிஞரும் உழைத்தாக வேண்டும். மொசார்ட்டும் டா போன்டேயும் இணைந்து படைத்த முதல் நாடகம் ‘பிகாரோவின் திருமணம்’. எசமானரின் சூழ்ச்சியை வேலைக்காரன் தன் அறிவால் வெல்லும் கதை அது. அதன் மூலமான பிரெஞ்சு நாடகத்தை வியன்னாவில் நடிக்கப் பேரரசர் தடை விதித்திருந்தார். டா போன்டே அரசியல் வாடை வீசிய பகுதிகளை நீக்கி எழுதினார். 1786இல் அது அரங்கேறியது. மறு ஆண்டு பிராகு நகரில் ‘டான் ஜியோவானி’ அரங்கேறியது; 1790இல் மூன்றாம் நாடகமும் வெளிவந்தது.

அதே ஆண்டு பேரரசர் மறைந்தார். ஆதரவு போயிற்று, வேலையும் போயிற்று. பின்னர் நான்சி கிரால் என்னும் மங்கையை மணந்து இலண்டன் சென்ற டா போன்டே, அங்கும் நாடக அரங்கிலேயே பணியாற்றினார். கடன் கழுத்தை நெரித்தது. மனைவி மக்களை முன்னரே அமெரிக்காவிற்கு அனுப்பிவிட்டு, 1805இல் தாமும் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 56.

அரசவையில் பாட்டெழுதிய கைகள் அமெரிக்காவில் மளிகைக் கடைத் தராசைப் பிடித்தன. நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவின் சன்பரி என்னும் ஊரிலும் அவர் வணிகம் செய்தார். ஏமாற்றுவோரையும் எளிதில் நம்பும் இயல்பினர் ஆதலால் கையில் பொருள் தங்கவில்லை. ஆனால், 1807இல் ஒரு புத்தகக் கடையில் கிளெமென்ட் மூர் என்னும் இளைஞருடன் ஏற்பட்ட நட்பு நிலைத்தது. அந்நட்பே அவரை இத்தாலிய மொழி ஆசிரியராக்கியது. 1819இல் மீண்டும் நியூயார்க் திரும்பியவர், வீட்டில் வகுப்பு நடத்தினார். இத்தாலிய நூல்களைத் தருவித்து விற்றார். தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1825இல் கொலம்பியாக் கல்லூரி அவரைத் தன் முதல் இத்தாலிய மொழிப் பேராசிரியராக்கியது. பதவி பெரிது, ஊதியமோ இல்லை. படிக்க வருவோர் தரும் கட்டணமே வருவாய். வந்தோரும் சிலரே. ஒரு மொழிக்கு மாணவர் சேர்ப்பது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியப் பணியில் உள்ளோர் நன்கறிவர்!

அதே ஆண்டு கார்சியா என்னும் பாடகரின் குழு நியூயார்க் வந்து இத்தாலிய இசை நாடகங்களை நடத்தத் தொடங்கியது. கிழவர் டா போன்டேயின் உள்ளம் துள்ளிற்று. அவருடைய முயற்சியால் 1826இல் ‘டான் ஜியோவானி’ அந்நகரில் அரங்கேறியது. பிராகு நகரில் அரங்கேறி 39 ஆண்டுகள் கழிந்திருந்தன; மொசார்ட் மறைந்தும் 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. மளிகைக் கடைக்காரராய்த் தம்மைக் கண்ட ஊரிலேயே அவர் தம் பாடல்களைக் கேட்டார்.

1828இல், தம் 79ஆம் வயதில், அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். வெனிஸ் அவரை வெளியேற்றியது, வியன்னா கைவிட்டது, இலண்டன் கடனாளியாக்கியது. பல நாடுகளில் விருந்தினராய் வாழ்ந்தவர், ஒரு நாட்டிற்கு உரியவரானது அந்த முதுமையில்தான். அதற்காகத் தாய்மொழியை அவர் விட்டுவிடவில்லை. இத்தாலிய மொழியையும் இசையையும் புதிய நாட்டில் பரப்புவதே அவருடைய ஓயாத பணியாயிற்று.

ஓய்வெடுக்க வேண்டிய வயதில், செல்வர் பலரைத் தூண்டி நிதி திரட்டி, நியூயார்க்கில் இத்தாலிய இசை நாடக அரங்கம் ஒன்றை எழுப்பச் செய்தார். 1833 நவம்பரில் அது திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 84. அரங்கத்தின் அழகை அனைவரும் வியந்தனர். ஆனால் வரவினும் செலவு மிகுந்தமையால் இரண்டே பருவங்களில் கைமாறியது; 1839இல் தீக்கிரையானது.

அந்தத் தீயைக் காண டா போன்டே உயிரோடில்லை. 1838 ஆகத்து 17இல் நியூயார்க்கில் காலமானார். இறுதிச் சடங்கு அந்நகரின் புனித பேட்ரிக் பேராலயத்தில் நடைபெற்றது. அடக்கம் செய்த இடத்தில் அடையாளக் கல் நடப்படாமையால் கல்லறை காணாமற் போயிற்று. அந்நகரின் கல்வரி இடுகாட்டில் அவர் பெயர் பொறித்த நினைவுக் கல் ஒன்று பிற்காலத்தில் நாட்டப்பெற்றது.