தாய்மாரிடம் கேட்ட வைத்தியர்

கடந்த விடுமுறையில் ராத்தா படியில் தவறி விழுந்து மணிக்கட்டு வீங்கியதால், எக்ஸ்ரே எடுப்பதற்காக உம்மாவும் நானும் அவருடன் வைத்தியசாலைக்குப் போனோம். கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற அறிவித்தல் கதவில் இருந்தது. ராத்தா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. உம்மாவின் முகம் வாடிவிட்டது. அந்த அறிவித்தல் ஏன் வந்தது என்று தேடியபோதுதான் வைத்தியர் அலிஸ் ஸ்டூவர்ட்டை அறிந்துகொண்டேன்.

அவர் 1906ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் பிறந்தார். தாயும் தந்தையும் வைத்தியர்கள். கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்று, பின்னர் ஒக்ஸ்போர்டில் சமூக மருத்துவத் துறையில் பணியாற்றினார். இரண்டு பிள்ளைகளின் தாயும்கூட.

1950களில் இங்கிலாந்தில் சின்னஞ்சிறு பிள்ளைகள் குருதிப் புற்றுநோயால் இறப்பது அதிகரித்து வந்தது. காரணம் எவருக்கும் புலப்படவில்லை. பிள்ளையைச் சுமந்த தாயிடமே கேட்டுப் பார்ப்போம் என்று அலிஸ் தீர்மானித்தார். கையில் கிடைத்த நிதியோ 1000 பவுண் மாத்திரமே. அதை வழங்கியது, குருதிப் புற்றுநோயால் இறந்த ஓர் இந்தியப் பெண்மணியின் நினைவாக நிறுவப்பட்ட லேடி டாட்டா நினைவு நிதியம். ஊர்தோறும் இருந்த சுகாதார வைத்திய அதிகாரிகளின் உதவியோடு, பிள்ளையை இழந்த தாய்மாரிடமும், அதே வயதில் நலமாக இருந்த பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஒரே வினாக்கொத்து கொடுக்கப்பட்டது.

விடைகள் அதிர்ச்சியளித்தன. கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்திருந்தவர்கள், பிள்ளையை இழந்த தாய்மாரிடையே ஏறத்தாழ இரு மடங்காக இருந்தார்கள். 1956இல் முதல் முடிவும் 1958இல் முழு ஆய்வும் வெளியாகின. கருவிலுள்ள குழந்தையின் நிலையை அறிய எக்ஸ்ரே எடுப்பது அன்று வழமையாக இருந்தது. அவ்வளவு சிறிய அளவு கதிர்ப்பு தீங்கு செய்யும் என்பதைப் பல வைத்தியர்கள் ஏற்கவில்லை. துயரத்திலிருக்கும் தாய் எல்லாவற்றையும் நினைவுபடுத்திச் சொல்வாள், மற்றத் தாய் மறந்திருப்பாள் என்று வாதிட்டார்கள். 1960இல் சுமார் 39,000 பிள்ளைகளை ஆராய்ந்த வேறோர் ஆய்வும் எந்த அதிகரிப்பையும் காணவில்லை.

ஆனால் 1962இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பிரையன் மக்மஹோன், 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்தார். அவர் தாய்மாரின் ஞாபகத்தை நம்பவில்லை; வைத்தியசாலைப் பதிவேடுகளையே பார்த்தார். எக்ஸ்ரேக்கு உட்பட்ட பிள்ளைகளிடையே புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாக இருந்தது. தாய்மார் சொன்னது வெறும் ஞாபகப் பிழையல்ல என்பது அப்போது தெளிவானது. ஆயினும் வைத்தியசாலைகளின் வழக்கம் மெதுவாகவே மாறியது.

ஒக்ஸ்போர்டிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அலிஸ் ஓயவில்லை. அமெரிக்காவின் ஹான்போர்ட் அணு ஆயுத உற்பத்தி நிலையத் தொழிலாளர்களின் மரணப் பதிவுகளை இரு சக ஆய்வாளர்களுடன் ஆராய்ந்தார். அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் குறைந்த கதிர்ப்பும் ஆபத்தானது என்ற அவர்களது முடிவு 1977இல் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 2002இல், தமது 95ஆவது வயதில் அவர் காலமானார்.

விவாதம் இன்னும் முடியவில்லை. எவ்வளவு சிறிய கதிர்ப்பும் அதற்கேற்ற சிறு ஆபத்தைத் தரும் என்கிறார்கள் ஒரு சாரார். ஓர் எல்லைக்குக் கீழே தீங்கில்லை என்கிறார்கள் மறுசாரார். அணுகுண்டு வீச்சின்போது ஜப்பானில் கருவிலிருந்த பிள்ளைகளிடம் குருதிப் புற்றுநோய் அதிகரிப்புக் காணப்படாததையும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால், தேவையின்றி எக்ஸ்ரே எடுக்கக் கூடாது, தேவையானபோது பயந்து தவிர்க்கவும் கூடாது என்பதில் வைத்தியர்கள் ஒன்றுபடுகிறார்கள்.

அன்று வைத்தியரும் அதையே விளக்கினார். மணிக்கட்டு வயிற்றிலிருந்து தூரத்தில் இருப்பதால் குழந்தைக்குப் போய்ச்சேரும் கதிர்ப்பு மிகமிகச் சொற்பம் என்றார். எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை சிரித்து விளையாடுகிறாள். உயிரியல் பிரிவில் கற்கும் நான், என்றாவது ஒரு வைத்தியராக வந்தால், நோயைப் பற்றித் தாய் சொல்வதை முதலில் கேட்பேன் என்று நிய்யத் வைத்திருக்கிறேன்.