வியாபாரிகளின் சுல்தான் ஷேர்ஷா சூரி

வட இந்தியாவை ஐந்தே ஆண்டுகள் ஆண்டவர் ஷேர்ஷா சூரி. ஹுமாயூனைப் போரில் வென்றவர் என்றே சரித்திர நூல்கள் அவரைப் பெரிதும் பேசுகின்றன. வியாபாரிகளாகிய நாம் அவரை நினைக்க வேறு காரணம் உண்டு.

இயற்பெயர் ஃபரீத். பீகாரிலுள்ள ஸஸாராம் ஜாகீரைத் தகப்பனார் ஹஸன்கான் ஒப்படைத்தபோதே, குடியானவன் கெட்டால் ஜாகீர்தாரும் கெடுவார் என்பதை உணர்ந்து, நிலத்தை அளந்து வரியை வரையறுத்தார்.

1540-ல் கன்னோஜிப் போருக்குப் பின் அன்னாரின் கைக்கு வந்த நாடு, ஓயாத யுத்தங்களால் நொந்திருந்தது. மட்டமான கலப்பு நாணயங்கள் புழங்கின. சரக்கு வண்டி வழிநெடுகச் சுங்கம் கட்டியே நகர வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஷேர்ஷா இடைச்சுங்கங்களை எல்லாம் ஒழித்தார். சரக்கு நாட்டுக்குள் நுழையும் எல்லையில் ஒருமுறை, விற்குமிடத்தில் ஒருமுறை, அவ்வளவுதான். அதிகாரிகள் சந்தை விலைக்குக் குறைத்து வாங்கக்கூடாது என்றும், வழியில் வியாபாரி இறந்துபோனால் அவர் பொருளில் எவரும் கைவைக்கக்கூடாது என்றும் கட்டளையிட்டார். ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். களவு நடந்து திருடன் அகப்படாவிட்டால், அவ்வட்டாரக் கிராமத் தலைவர்களே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும்.

வங்காளத்துச் சோனார்காவோனிலிருந்து சிந்து நதிவரை சாலை சீரானது. சாலைகளில் 1700 சத்திரங்கள் இருந்தன என்று அப்பாஸ்கான் ஸர்வானி எழுதுகிறார். முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் தனித்தனி இடமும் உணவு வசதியும் அவற்றில் இருந்தன.

178 கிரெயின், அதாவது ஏறக்குறைய 11.5 கிராம் எடையில் அன்னார் அச்சிட்ட வெள்ளி நாணயமே ரூபாய். எடையும் தரமும் நிலையாக இருந்ததால் கொடுக்கல் வாங்கலில் நம்பிக்கை பிறந்தது.

அன்னாரிடம் குறையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. 1543-ல் ராய்சின் கோட்டையில், உயிருக்கு உறுதிபெற்று வெளியே வந்தவர்களைத் தாக்கியது அவர் பெயருக்கு நீங்காத கறை.

1545 மே மாதம் காலிஞ்சர்க் கோட்டை முற்றுகையில் வெடிமருந்து தீப்பற்றி ஷேர்ஷா மாண்டார். ஸஸாராமில் ஏரி நடுவே அடக்கமாகியிருக்கிறார். 1555-ல் ஹுமாயூன் திரும்பிவந்து தில்லியைப் பிடித்தார். ரூபாய் மட்டும் மாறவில்லை. ஷேர்ஷாவிடம் பணியாற்றிய தோடர்மாலே பின்னர் அக்பரின் வரிக்கணக்கைச் சீர்செய்தார். நம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும்கூட, கடைவீதியில் டாலர் புழங்கினாலும், 1867 வரை சர்க்கார் கணக்கு எழுதப்பட்டது ரூபாயில்தான்.