பசியை மறக்காத பண்டிதை



மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்திலிருந்து கேட்டபோது, எல்லோரையும் போல ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனா வேறு பக்கம் போய்விட்டது. இன்டர்வியூவுக்கும் வேலைக்கும் சென்னையிலிருந்து மும்பைக்கு ரயில் ஏறியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. தவுண்ட் ஜங்ஷன் தாண்டி, புனே வருவதற்கு முன்னால் கேட்காவ் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. நானும் பல தடவை தூங்கிக்கொண்டே அதைத் தாண்டியிருக்கிறேன். அந்த ஊரில் வாழ்ந்து மறைந்த ஓர் அம்மையாரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்தான் பண்டித ரமாபாய்.

ரமாபாய் பிறந்தது 1858-ல், இன்றைய கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில், கங்கமூலா என்ற காட்டுப்பகுதியில். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்கள் அந்த மொழியைப் படிக்கவே கூடாது என்றிருந்த காலத்தில் தம் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்றுக்கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் எதிர்த்தும் அவர் விடவில்லை. அந்த அம்மா தன் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். குடும்பம் ஊர் ஊராக, கோயில் கோயிலாகப் போய்ப் புராணம் வாசித்துப் பிழைத்தது. ரமாபாய் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான சுலோகங்கள் அவருக்கு மனப்பாடம்.

அப்புறம் வந்தது பஞ்சம். நம் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதை ஒட்டிய வறட்சிக் காலம் அது. அப்போது இந்தக் குடும்பம் நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. கையில் இருந்ததையெல்லாம் பூஜைக்கும் தானத்துக்கும் செலவழித்தாகிவிட்டது. பாத்திரம் பண்டம்கூட மிச்சமில்லை. உடம்பை வளைத்து வேலை செய்யவும் பழக்கமில்லை. பிச்சை எடுக்கவோ மானம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் காட்டுக்குள் போய் இலைதழையையும் தண்ணீரையும் கைப்பிடி ஈச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு பதினோரு நாட்கள் கிடந்தார்கள். கண் பார்வை போயிருந்த தகப்பனார் முதலில் இறந்தார். பின்னாலேயே தாயார். சில மாதங்களில் அக்காவும். தாயைச் சுமக்க ஆள் போதாமல் ரமாபாயும் பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டி வந்தது. உயரம் பற்றாததால் அதைத் தலையில் தாங்கினாராம். இதெல்லாம் நடந்தபோது அவருக்குப் பதினாறு வயசுதான் இருக்கும். நம்ம ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளைவிடச் சின்னப் பெண்!

மிஞ்சியது அண்ணன் சீனிவாசன் மட்டும். இருவரும் ஆயிரக்கணக்கான மைல் கால்நடையாகவே வடக்கே காஷ்மீர் வரை நடந்தார்கள். ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல் மணலில் குழி தோண்டி, கழுத்துவரை மணலை மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கிடையாது. இத்தனை கோயில் சுற்றியும் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று, சிறுவயதில் இருந்த பக்தியும் அந்த வழியிலேயே கரைந்துபோனது.

1878-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் இந்த இளம்பெண்ணைச் சோதித்துப் பார்த்து அசந்துபோய், பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். இனி நல்ல காலம்தான் என்று நினைப்போம் இல்லையா? 1880-ல் அண்ணன் இறந்தார். அதே வருஷம் சாதி விட்டு சாதி, பிபின் பிகாரி மேதவி என்ற வங்காள வக்கீலைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் மகள் மனோரமா பிறந்தாள். 1882-ல் காலராவில் கணவர் போய்விட்டார். கைக்குழந்தையோடு விதவையானபோது ரமாபாய்க்கு வயது 23.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று 1883-ல் இங்கிலாந்து போனார். காது சரியாகக் கேட்காமல் போனதால் அந்தக் கனவும் முடிந்தது. ஆனால் அங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய ஒன்றைப் பார்த்தார். லண்டனில் ஃபுல்ஹாம் என்ற இடத்தில், சமுதாயம் கெட்டுப்போனவள் என்று ஒதுக்கிய பெண்களைக் கன்னியாஸ்திரிகள் அன்போடு பராமரித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்தார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசிய கதையைச் சொன்னார்கள். யாரும் மதிக்காத பெண்ணையும் மதிக்கிற கடவுள் ஒருவர் உண்டு என்பது அவர் மனதில் தைத்தது. அந்த வருஷமே ஞானஸ்நானம் பெற்றார்.

மத மாற்றத்தைத் தொடாமல் இவர் கதையைச் சொல்ல முடியாது. நம் சங்கத்தில் எல்லா மதத்தினரும் இருக்கிறோம். அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவரான பிறகும் ரமாபாய் யாருக்கும் தலையாட்டி ஆகவில்லை. தன்னை வழிநடத்திய கன்னியாஸ்திரிகளிடமே வேதக் கொள்கைகளைப் பற்றி வாதம் செய்தார். கடைசிவரை சைவ உணவு, இந்திய உடைதான். அமெரிக்கா போய்ப் பணம் திரட்டி, 1889-ல் மும்பையில் இளம் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அது புனேக்கு மாறியது. மத போதனை செய்வதில்லை என்பது ஏற்பாடு. ஆனால் அவர் அறைக் கதவைத் திறந்துவைத்து ஜெபம் செய்யும்போது பிள்ளைகளும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். விஷயம் பெரிதாகி 1893-ல் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்களே ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். நம்பி விட்டவர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதே சமயம், வேறு யாரும் கதவு திறக்காத பெண்களுக்குக் கதவு திறந்தவர் அவர் என்பதும் உண்மைதான். அந்தப் பள்ளியின் முதல் மாணவிகளில் ஒருவரான விதவை கோதுபாயைத்தான் 1893-ல் கார்வே மறுமணம் செய்தார். பின்னாளில், 1916-ல், பெண்களுக்கென்று பல்கலைக்கழகம் நிறுவினாரே, அதே கார்வே!

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். 1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது. சாரதா சதனுக்கு அமெரிக்க நண்பர்கள் உதவி செய்வதாக ஒப்புக்கொண்டது பத்து வருஷத்துக்குத்தான். அதுவும் முடியும் நேரம். கையில் காசில்லை. தனக்கென்ன என்று இருந்திருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இலைதழை தின்ற அந்தப் பதினோரு நாட்கள் அவரைச் சும்மா விடவில்லை. பஞ்சப் பகுதிக்குப் போய்ப் பட்டினி கிடந்த பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிவந்தார். சுமார் 300 பேர். புனேயில் அப்போது பிளேக் நோய். கொண்டுவந்தவர்களை ஊருக்குள் வைக்க முடியவில்லை. கேட்காவில் வாங்கிப்போட்டிருந்த நிலத்துக்கு எல்லோரும் போனார்கள். அப்படிப் பிறந்ததுதான் முக்தி மிஷன்.

1900-ல் குஜராத் பஞ்சம். மறுபடியும் ஆட்களை அனுப்பிப் பெண்களைக் கூட்டிவந்தார். முக்தியில் ஏறக்குறைய 2,000 பேர் ஆனார்கள். இன்ஜினியராக இதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்று போட்டாலே 80,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதுவும் மழை குறைந்த தக்காணப் பீடபூமியில்! கிணறுகள் வெட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுவது, அச்சு வேலை என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு தொழில் கற்றுக்கொடுத்தார். பார்வையற்றவர்களுக்குத் தனிப் பள்ளி. அடுத்த வேளை நிதி எங்கிருந்து வரும் என்று தெரியாத நாட்களில் ஜெபம்தான் அவருக்குத் துணை. ஆனால் ஜெபித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர் அல்ல.

எபிரெயமும் கிரேக்கமும் கற்று, பைபிளைப் பாமரப் பெண்களுக்கும் புரிகிற எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். 1919-ல் அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. 1921-ல், வலது கையாக இருந்த மகள் மனோரமாவும் இறந்தாள். மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு 1922 ஏப்ரல் 5-ல் ரமாபாய் கண் மூடினார். 1989-ல் நம் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. முக்தி மிஷன் இன்றும் கேட்காவில் நடக்கிறது.

இந்தக் கதை என்னை ஏன் பிடித்து உலுக்கியது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். செகண்ட் இயரில் என் அப்பா காலமானார். மூன்று மாத மெஸ் பாக்கி. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டேன். ஒரு சீனியர் அண்ணன் சத்தமில்லாமல் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை. ஆனால் அவருக்காகச் சொல்லாமல் இருந்தேனா, எனக்கு வெட்கமாக இருந்ததால் சொல்லாமல் இருந்தேனா? வேலை கிடைத்தது, சம்பளம் வந்தது, அந்த நாட்களையே மறந்துவிடத்தான் பார்த்தேன். கஷ்டத்திலிருந்து தப்பித்தவர்களில் அநேகம் பேர் அப்படித்தான். ரமாபாய் அப்படி இல்லை. தான் தப்பித்த இடத்துக்கே திரும்பிப் போய், அங்கே கிடந்தவர்களைக் கைபிடித்துத் தூக்கினார்.

இந்த வருஷமும் நம் ஹாஸ்டலில் யாராவது ஒரு பையனோ பெண்ணோ பெட்டி கட்டிக்கொண்டு இருக்கலாம். அண்ணன்மார்களே, நண்பர்களே, ரீயூனியன் விருந்து முடிந்து கிளம்புவதற்கு முன் வார்டனைப் பார்த்து ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போவோம். தம்பி தங்கைகளே, கஷ்டம் இருந்தால் தயவுசெய்து வாயைத் திறந்து கேளுங்கள். கேட்பதில் ஒரு அவமானமும் இல்லை. நாளைக்கு நீங்கள் கொடுக்கும் இடத்தில் இருக்கும்போது, கேட்ட இந்த நாளை மட்டும் மறந்துவிடாதீர்கள்.