பெர்லினும் ஆதாரக் கல்வியும்: அறிஞர் ஜாகிர் உசேன்

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிய சில ஆண்டுகளில் கோவை மாவட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் சிறுவர் சிறுமியர் தக்ளி சுற்றி நூல் நூற்றனர். பஞ்சும் நூலும் கொங்கு மண்ணுக்குப் புதியன அல்ல. ஆனால் கணக்கையும் மொழியையும் நிலநூலையும் நூல் வழியே கற்பிப்பது புதிது. ஆதாரக் கல்வி என்று அதற்குப் பெயர். காந்தியடிகளின் திட்டம் என்றே ஊரார் அதனை அறிந்திருந்தனர். அத்திட்டத்துக்குப் பாட ஒழுங்கு வகுத்துத் தந்த குழுவின் தலைவர் பெர்லின் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதை அறிந்தவர் சிலரே. பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கியமையால் ஜாகிர் உசேன் என்னும் பெயரை எல்லோரும் அறிவர். எனினும் அப்பதவி அவர் வாழ்வின் இறுதியில் அமைந்த இரண்டாண்டு மட்டுமே. அவருடைய உண்மையான வரலாறு பெர்லினிலிருந்து அவர் எங்கே திரும்பினார் என்பதில் இருக்கிறது.

1897 பிப்ரவரி 8-ஆம் நாள் ஐதராபாத்தில் அவர் பிறந்தார். குடும்பம் ஐக்கிய மாகாணத்துக் காயம்கஞ்சைச் சேர்ந்த பட்டாணியர் குடும்பம். வழக்கறிஞரான தந்தை பிதா உசேன்கான், மகனுக்குப் பத்து வயதானபோது மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கொள்ளைநோய் தாயையும் கொண்டுபோயிற்று. எட்டாவா நகரின் இஸ்லாமிய உயர்நிலைப் பள்ளி விடுதியில் வளர்ந்த அச்சிறுவர் பின்னர் அலிகாரின் புகழ்பெற்ற முகமதியக் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவம் படிக்க எண்ணியவரை நோய் தடுத்தது; பொருளாதாரம் அவரை ஈர்த்துக்கொண்டது.

1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகார் வந்தனர். ஆங்கில அரசின் உதவி பெறும் கல்லூரியை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தனர். அப்போது முதுகலை மாணவராகவும் துணை ஆசிரியராகவும் இருந்த ஜாகிர் உசேனுக்கு 23 வயது. நல்ல வேலையும் வருவாயும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. அவரும் அவரைப் போன்ற மாணவர்களும் கல்லூரியைத் துறந்தனர். துறந்ததோடு நிற்கவில்லை, தமக்கென ஒரு தேசியக் கல்விக்கூடம் வேண்டும் எனத் தலைவர்களை நெருக்கினர். அக்டோபர் 29-ஆம் நாள் ஜாமியா மில்லியா இஸ்லாமியா தோன்றியது. அதற்குக் கட்டடம் இல்லை, அரசின் அங்கீகாரம் இல்லை, நிலையான நிதியும் இல்லை. வெளியேறுவது எளிது, வெளியேறியபின் கற்பிப்பது அரிது என்பதை இளம் ஆசிரியர்கள் விரைவில் உணர்ந்தனர். இரண்டாண்டு அங்கே பணியாற்றிய ஜாகிர் உசேன் தம் கல்வி போதாது என்று கண்டு 1922-இல் ஜெர்மனிக்குப் புறப்பட்டார்.

அக்காலத்து இந்திய இளைஞருக்கு மேற்படிப்பு என்றால் இங்கிலாந்துதான். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டமோ சிவில் சர்வீஸ் தேர்வோ வாழ்க்கைக்கு உறுதி அளித்தன. ஜெர்மன் பட்டத்துக்கு இந்திய அரசு அலுவலகங்களில் அத்தகைய மதிப்பில்லை. ஆனால் அறிவுலகில் ஜெர்மன் பல்கலைக் கழகங்களின் இடம் வேறு. 1810-இல் வில்ஹெல்ம் ஹும்போல்ட் வகுத்த நெறிப்படி எழுந்த பெர்லின் பல்கலைக் கழகம், ஆராய்ச்சியும் கற்பித்தலும் பிரிக்க இயலாதவை என்னும் கொள்கையை உலகுக்குத் தந்தது. கற்ற நூலை ஒப்பிப்பவர் அங்கே ஆசிரியர் ஆவதில்லை. புதியது காண்பவரே ஆசிரியர். ஆண்டுதோறும் தேர்வு வைத்து மாணவனைத் துரத்தும் வழக்கமும் அங்கில்லை. எந்தப் பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்பது, எந்த ஆய்வரங்கில் அமர்வது என்பதை மாணவனே தீர்மானிப்பான். ஒரு பல்கலைக் கழகத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. முடிவில் ஆய்வேடு ஒன்றும் வாய்மொழித் தேர்வும் அவனை அளந்துவிடும். குறிப்பேட்டை மனப்பாடம் செய்து பழகிய இந்திய மாணவருக்கு இச்சுதந்திரம் முதலில் திகைப்பைத் தருவது. சிலரைச் சோம்பேறியாக்குவதும் உண்டு. ஜாகிர் உசேனை அது ஆளாக்கிற்று.

பெர்லின் அப்போது துன்பத்தில் ஆழ்ந்திருந்த நகரம். போரில் தோற்ற நாட்டில் பணத்தின் மதிப்பு நாள்தோறும் சரிந்தது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க் என்னும் நிலை வந்தது. காலையில் வாங்கிய கூலி மாலையில் ரொட்டிக்குப் போதவில்லை. வெளிநாட்டுப் பணம் வைத்திருந்த மாணவர்களுக்கு அங்கு வாழ்வது மலிவு. ஆனால் பேராசிரியர்களும் உழைப்பாளிகளும் வறுமையில் வாடினர். வறுமையிலும் நூலகமும் ஆய்வரங்கும் மூடப்படாத ஒரு சமுதாயத்தை அவர் நேரில் கண்டார். பின்னர் தாம் நடத்த நேர்ந்த வறிய கல்விக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு கிடைத்திருக்காது.

முதலாளியத்தின் வரலாற்றை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்றிருந்த வெர்னர் சோம்பார்ட் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் வேளாண்மை அமைப்பு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அமர்ந்து இந்திய உழவனின் நிலையை அவர் ஆராய்ந்தது வியப்பாகத் தோன்றலாம். தம் நாட்டைத் தொலைவிலிருந்து முழுமையாகக் காணும் வாய்ப்பு அது. காந்தியடிகளைப் பற்றி ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் சேர்ந்து அம்மொழியிலேயே நூல் ஒன்றை 1924-இல் வெளியிட்டார். காவியானி என்னும் பாரசீக அச்சகம் ஒன்று அந்நகரில் இருந்தது. உருதுக் கவிஞர் காலிப்பின் பாடல்களை அழகிய சிறு பதிப்பாக அங்கே 1925-இல் கொணர்ந்தபோது, எழுத்துக் கோக்கும் வேலையைத் தாமே கற்றுச் செய்தார். டாக்டர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர் அச்சுக்கோப்பவராக நின்றதைச் சிறு செய்தியாகத் தள்ளிவிட இயலாது. கையால் செய்வதும் கல்வியே என்று பின்னர் அவர் கூறியபோது, அது ஏட்டில் படித்த கருத்து மட்டுமாக இருக்கவில்லை.

ஏட்டிலும் அக்கருத்து இருந்தது. மூனிச் நகரின் பள்ளிகளைச் சீர்திருத்திய கெர்ஷென்ஸ்டைனர் என்னும் கல்வியாளர், கைத்தொழிலை மையமாகக் கொண்ட வேலைப் பள்ளி என்னும் நெறியைப் பரப்பியிருந்தார். நோக்கமறிந்து திட்டமிட்டு, செய்ததைத் தானே சோதித்துத் திருத்தும் வேலைதான் மனத்தைப் பண்படுத்தும் என்பது அவர் துணிபு. பொருளாதார மாணவரான ஜாகிர் உசேன் இக்கொள்கையில் ஆழ்ந்து தோய்ந்தார்.

இதற்கிடையில் தாயகத்திலிருந்து வந்த செய்திகள் நல்லனவாக இல்லை. 1924-இல் துருக்கி கலீபா பதவியை ஒழித்தது; கிலாபத் இயக்கம் சாய்ந்தது; அதன் நிதியை நம்பியிருந்த ஜாமியாவும் சாயத் தொடங்கியது. 1925-இல் அது அலிகாரிலிருந்து டில்லிக்கு மாற்றப்பட்டது. மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. பெர்லினில் இருந்த மூன்று நண்பர்கள், ஜாகிர் உசேன், ஆபித் உசேன், முகம்மது முஜீப், கூடிப் பேசினர். முஜீப் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். ஆபித் உசேன் கல்வித் தத்துவத்தில் ஆய்வு செய்தவர். மூவரும் எங்கும் உயர்பதவி பெறத் தக்கவர்கள். தாங்கள் வந்து பணியாற்றும் வரை நிறுவனத்தை மூட வேண்டாம் என்று அக்கீம் அஜ்மல்கானுக்கு அவர்கள் தெரிவித்தனர். 1926 தொடக்கத்தில் மூவரும் நாடு திரும்பினர். 29 வயதில் ஜாகிர் உசேன் ஜாமியாவின் துணைவேந்தரானார். பதவியின் பெயர் பெரிது. கையில் இருந்ததோ வாடகைக் கட்டடங்களும் கடனும் சில நூறு பிள்ளைகளுமே.

அடுத்த ஆண்டே அஜ்மல்கான் காலமானார். ஊதியம் தர வழியற்ற நிலையில் ஆசிரியர்கள் ஒரு சங்கம் அமைத்து, இருபது ஆண்டுக் காலம், மாதம் 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் பணியாற்ற உறுதி பூண்டனர். அந்த 150-ம் பெரும்பாலும் ஏட்டளவே. துணைவேந்தர் நன்கொடை வசூலிக்க ஊர் ஊராக அலைந்தார். திரும்பி வந்து சிறுவர் வகுப்பில் பாடம் நடத்தினார். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு அவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்த வேளையில் தம் சின்னஞ்சிறு மகள் இறந்த செய்தி காதில் சொல்லப்பட்டது என்றும், பிள்ளைகளின் மகிழ்ச்சி கெடலாகாது என்று கடைசிக் குழந்தைக்கும் கொடுத்து முடித்த பிறகே வீடு சென்றார் என்றும் அவருடன் வாழ்ந்தோர் சொல்லிப் போயினர். இத்தகைய பொறுமையைப் போற்றுவதா, அஞ்சுவதா என்று தெரியவில்லை. பெர்லினில் அறிமுகமான கெர்தா பிலிப்ஸ்போர்ன் என்னும் யூதப் பெண்மணி 1930களின் தொடக்கத்தில் ஜாமியா வந்து சிறுபிள்ளைகளுக்குத் தாயானார். 1943-இல் டில்லியிலேயே மறைந்து அம்மண்ணிலேயே அடங்கினார். 1935-இல் ஓக்லாவில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட நேர்ந்தபோது பெருந்தலைவர் எவரும் அழைக்கப்படவில்லை. பள்ளியின் மிக இளைய மாணவன் ஒருவனே அக்கல்லை நாட்டினான்.

1937 அக்டோபர் 22, 23 நாட்களில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு ஜாகிர் உசேனை நாடறியச் செய்தது. பள்ளிப் பிள்ளைகளின் கைத்தொழில் வருவாயே பள்ளியை நடத்த வேண்டும் என்பது அடிகளின் விருப்பம். அவர் முன்னிலையிலேயே ஜாகிர் உசேன் தம் ஐயத்தைச் சொன்னார். தொழிலால் கற்பிக்கும் நெறி உலகுக்குப் புதிதன்று என்றும், வருவாயையே பெரிதாகக் கொண்டால் ஆசிரியர்கள் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டுவோராக மாறக்கூடும் என்றும் அஞ்சினார். மறுத்துப் பேசியவரையே குழுவுக்குத் தலைவராக்கியது அடிகளின் பெருமை. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அக்குழுவில் பணியாற்றினர். ஏழு வயது முதல் பதினான்கு வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியே பயிற்றுமொழி, ஒரு கைத்தொழிலே மையம் என அவர்கள் வரைந்தனர். ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. மூனிச் நகரின் வேலைப் பள்ளியும் வார்தாவின் இராட்டையும் ஒரே ஏட்டில் இணைந்தன.

கொங்கு நாட்டில் இதற்கு நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. 1925-இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்திருந்தார். தமிழ்நாட்டுக் கதர்ப் பணியின் தலைமையிடமாகத் திருப்பூர் விளங்கியது. அவ்வூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் கோவையில் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயத்துக்கு, பெரியநாயக்கன்பாளையத்தில் 1934-இல் காந்தியடிகளே அடிக்கல் நாட்டினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் ஆதாரக் கல்வியை மாகாணமெங்கும் பரப்ப முனைந்தார். அவருடைய வித்யாலயமும் ஆதாரப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியுமாகக் கிளைத்தது.

ஆனால் அதே மண்ணில்தான் தொழிற்கல்வி என்னும் சொல்லுக்கு இழுக்கும் நேர்ந்தது. 1953-இல் இராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று திட்டம் வகுத்தது. ஈரோட்டுப் பெரியார் அதைக் குலக்கல்வி என்று சுட்டி எதிர்த்துக் கிளர்ந்தார். மறு ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதனை அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்தவர். ஜாகிர் உசேன் வகுத்ததோ வேறு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஒரே தொழிலை ஆசிரியரிடம் கற்பது அது. தந்தையின் தொழிலை மகன் தலையில் கட்டுவது அன்று. இரண்டும் மக்கள் மனத்தில் கலந்துவிட்டன. கலந்ததற்கு மக்களைக் குறை கூறுவதற்கில்லை. உழவர் பிள்ளைக்கு மட்டும் தக்ளியும் நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளியும் என்று நடைமுறை பிரிந்துவிட்டபோது ஐயம் எழாமல் இருக்குமா? ஆதாரக் கல்வி என்னும் பெயரில் நடந்த போலித்தனத்தைப் பிற்காலத்தில் ஜாகிர் உசேனும் கடிந்து பேசினார்.

அவருக்கு வேறு காயங்களும் இருந்தன. முஸ்லிம் லீக் வார்தாத் திட்டத்தைச் சமயத்துக்குப் பகையென்று தூற்றியது. 1946-இல் ஜாமியா வெள்ளிவிழாவில் நேருவையும் ஜின்னாவையும் ஒரே மேடையில் அமர்த்தி, நாட்டில் பரவும் தீயை அணைக்குமாறு மன்றாடினார். தீ அணையவில்லை. 1947-இல் ஜாலந்தர் ரயில் நிலையத்தில் கொலைவெறிக் கூட்டத்திடம் சிக்கிய அவரைச் சீக்கியப் படை அதிகாரி ஒருவரும் இந்து ரயில்வே ஊழியர் ஒருவரும் காத்தனர்.

1948-இல் அவர் அலிகார் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தரானார். 1920-இல் துறந்து வெளியேறிய அதே இடம். பிரிவினைக்குப் பின் நாட்டின் ஐயத்துக்கு ஆளாகித் தள்ளாடிய அதனை எட்டாண்டுக் காலம் தாங்கி நிறுத்தினார். பின்னர் பீகார் ஆளுநர், 1962-இல் குடியரசுத் துணைத் தலைவர், 1963-இல் பாரத ரத்னா, 1967 மே 13 முதல் குடியரசுத் தலைவர். இந்திய முஸ்லிம் ஒருவர் அப்பதவி ஏற்றது அதுவே முதன்முறை. மாளிகையிலும் ரோஜாச் செடிகளையும் தொல்லுயிர்ப் படிவக் கற்களையும் ஆசையோடு பேணினார். பிளேட்டோவின் குடியரசு நூலை உருதுவில் தந்தவரும், குழந்தைகளுக்கு ஆட்டுக்குட்டிக் கதை எழுதியவரும் அவரே.

1969 மே 3-ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே அவர் உயிர் நீத்தார். ஓக்லாவில் உள்ள ஜாமியா வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.