ஆற்காட்டு வீரரின் ஆறாத காயம்



படை என்பது நம் கொங்கு மண்ணுக்குப் பழக்கமான ஒன்று. கோவை ரெட்பீல்ட்ஸ் பகுதியில் கடற்படையின் அக்ரணி தளம் இருக்கிறது. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. மலை ஏறினால் குன்னூர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம். ஆள்சேர்ப்பு முகாம் என்று செய்தி வந்தால், நம் பங்குகளிலிருந்தும் இளைஞர்கள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே புறப்படுகிறார்கள்.

அவர்களுள் சிலருடைய வீடுகளில் வெளியே சொல்லாத கவலை ஒன்று உண்டு. மகன் சில மாதங்கள் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல், அறையிலேயே அடைந்து கிடந்திருப்பான். மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருப்பார். இப்போது அவன் இராணுவத்தில் சேர விரும்புகிறான். அங்கே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பா நம்புகிறார். அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. இந்தக் கேள்வியோடு நாம் ஒரு பழைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்போம். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லாரும் படித்த இராபர்ட் கிளைவின் வாழ்க்கை அது.

கிளைவ் 1725ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதியில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் மூத்த மகன். படிப்பில் நாட்டமில்லாத, அடங்காத பிள்ளை என்று பெயர் எடுத்தவர். பதினேழு வயதில் அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் அவருக்கு எழுத்தர் வேலை வாங்கிக்கொடுத்தார். ஆண்டுச் சம்பளம் 5 பவுண்டு. 1743இல் கப்பல் ஏறினார். வழியில் பிரேசில் நாட்டில் பல மாதங்கள் கப்பல் நின்றுபோனது. 1744ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது கையில் பணமில்லை, கடன் இருந்தது. அறிமுகமானவர் ஒருவரும் இல்லை.

துணி மூட்டைகளை எண்ணுவதும் கணக்கு எழுதுவதும்தான் வேலை. வெயிலும் தனிமையும் அந்த இளைஞரை வாட்டின. நாட்டைவிட்டு வந்த நாளிலிருந்து மகிழ்ச்சியான நாள் ஒன்றுகூடத் தமக்குக் கிடைக்கவில்லை என்று உறவினர் ஒருவருக்கு எழுதினார். அக்காலத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகவும், முயற்சி இரண்டு முறை தவறிப்போனதாகவும், ஏதோ ஒரு பெரிய காரியத்துக்காகவே தாம் காக்கப்பட்டதாக அவர் எண்ணியதாகவும் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் அவருடைய மனம் ஆழ்ந்த இருளில் கிடந்தது என்பதில் ஐயமில்லை. ஆறுதலாக அவருக்குக் கிடைத்தது ஒன்றே. ஆளுநர் தம் நூலகத்தை அவருக்குத் திறந்துவிட்டார். பள்ளியில் படிக்காததையெல்லாம் அவர் அங்கே படித்தார்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். கிளைவ் மாறுவேடத்தில் தப்பி, கடலூர் அருகே இருந்த புனித டேவிட் கோட்டைக்குச் சென்றார். அங்கே எழுதுகோலை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். 1747இல் படையில் கீழ்நிலை அதிகாரியாக நியமனம் பெற்றார். அவரிடம் மனநலம் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கான மருத்துவ அறிவும் அன்று இல்லை.

படை வாழ்க்கை அவரை மாற்றியதுபோலத்தான் தெரிந்தது. புதுச்சேரி முற்றுகையிலும் தஞ்சைப் பகுதியிலுள்ள தேவிக்கோட்டைப் போரிலும் அவர் அஞ்சாமல் முன்னே நின்றார். எழுத்தராக ஒடுங்கிக் கிடந்தவருக்கு நண்பர்களும் மரியாதையும், காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் கிடைத்தன. போரில்லாத நாள்கள் வந்ததும் நிலைமை மாறியது. 1750இல் காய்ச்சலும் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளின. உடல் தேற வங்காளம் வரை செல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு அவருடைய பெயரை உலகறியச் செய்தது. திருச்சிக் கோட்டையில் முகமது அலியைச் சந்தா சாகிபு முற்றுகையிட்டிருந்தார். அந்தப் படையைத் திசைதிருப்ப, சந்தா சாகிபின் தலைநகரான ஆற்காட்டைத் தாக்கலாம் என்ற திட்டத்தோடு 1751 ஆகஸ்டு இறுதியில் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டார். உடன் சென்றவர்கள் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். எட்டு அதிகாரிகளில் நால்வர் அவரைப்போலவே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள். இடியும் மழையுமாக இருந்த வேளையில் வந்துசேர்ந்த அவர்களைக் கண்டு, காவற்படையினர் கோட்டையை விட்டு ஓடினார்கள். பின்னர் சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபு பெரும்படையோடு வந்து சூழ்ந்தார். ஏறத்தாழ 50 நாள்கள் முற்றுகை நீடித்தது. உணவு குறைந்தபோது சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தமிழ்ச் சிப்பாய்கள் குடித்தார்கள் என்று ஒரு கதை வழங்கிவருகிறது. நவம்பரில் நடந்த இறுதித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. அன்றைய கோட்டையின் டெல்லி வாசல் இன்றும் ஆற்காட்டில் நிற்கிறது. அப்போது கிளைவுக்கு வயது 26.

1753இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மரியா ஆலயத்தில் மார்கரெட் மாஸ்கலினை மணந்தார். 1757 ஜூன் 23இல் பிளாசிப் போரில் வென்றார். அதன்பின் வங்காள நவாபிடமிருந்து இரண்டு இலட்சம் பவுண்டுக்கும் அதிகமான செல்வத்தைப் பெற்றார். 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கம்பெனிக்கு வாங்கிக்கொடுத்தார். அந்த ஆட்சிமுறையின் கீழ் 1769-70இல் வந்த பஞ்சத்தில் ஒரு கோடிப் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று கணக்கிடப்படுகிறது. கிளைவின் நோயைப் பற்றிப் பேசும்போது, அவருடைய பேராசையால் துன்புற்ற மக்களை நாம் மறந்துவிடக் கூடாது. நோய் இரக்கத்துக்கு உரியது. ஆனால் அது அநீதியை நியாயமாக்கிவிடாது.

1767இல் கிளைவ் நிரந்தரமாக இங்கிலாந்து திரும்பினார். பட்டமும் மாளிகைகளும் அளவற்ற பணமும் இருந்தன. சண்டை மட்டும் இல்லை. பழைய இருள் மீண்டும் வந்தது. தீராத வயிற்று வலிக்கு அபினி எடுத்துக்கொண்டார். ஓய்வுக்காகப் பிரான்சு நாட்டுக்கும் சென்றுவந்தார். அந்த நாள்களிலும் ஒரு நற்செயல் செய்தார். நவாப் மீர் ஜாபர் தமக்கு விட்டுச்சென்ற 5 இலட்சம் ரூபாயைக்கொண்டு, கம்பெனிப் படையில் உடல் ஊனமுற்ற வீரர்களுக்கும் இறந்தவர்களின் கைம்பெண்களுக்கும் ஒரு நிதியை 1770இல் ஏற்படுத்தினார். பிறருடைய காயங்களுக்கு மருந்து தேடியவருக்குத் தம் காயத்துக்கு மருந்து கிடைக்கவில்லை.

அவர் சேர்த்த செல்வம் பற்றி நாடாளுமன்றம் விசாரித்தது. 1773இல் அவர் தண்டனையின்றி வெளியே வந்தார். ஆனால் மனம் வெளியே வரவில்லை. 1774 நவம்பர் 22இல் இலண்டன் இல்லத்தில் தம் 49ஆம் வயதில் இறந்தார். அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார் என்றே பலரும் அன்றும் இன்றும் கருதுகிறார்கள். பிறந்த ஊரின் கோவிலில், பெயர் பொறிக்கப்படாத கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அன்பர்களே, இந்த வாழ்க்கையை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? மனச்சோர்வு உள்ளவர் கோழை என்பதை ஆற்காடு பொய்யாக்குகிறது. இராணுவத்தில் சேர்த்தால் மனம் தானே திடமாகிவிடும் என்பதை இலண்டன் பொய்யாக்குகிறது. சீருடை அவருடைய நோயைச் சில காலம் மறைத்தது. ஆனால் குணமாக்கவில்லை. பரபரப்பு ஓய்ந்தபோதெல்லாம், 1750இலும் 1767க்குப் பின்னும், அது திரும்பி வந்தது. வெற்றிபெற்ற வீரர் என்பதால் அவருடைய துன்பம் பிறர் கண்ணில் படவில்லை.

இன்று நமக்கு மருத்துவ அறிவு உண்டு. நம் நாட்டுப் படைகளின் மருத்துவத் தேர்வில் மனநலமும் பார்க்கப்படுகிறது. பழைய மனநோய் தேர்வுக்குத் தடையாகவும் அமையலாம். இதற்கு அஞ்சித்தான் பல வீடுகளில் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள், மருத்துவச் சீட்டைக் கிழித்துப் போடுகிறார்கள். பெற்றோரே, இதைச் செய்யாதீர்கள். துப்பாக்கியைக் கையில் கொடுத்து, வீட்டிலிருந்து தொலைவில், தூக்கமில்லாத இரவுகளில் நிறுத்தப்போகும் பிள்ளையின் நோயை மறைப்பது அவனுக்குச் செய்யும் உதவி அல்ல. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். தேர்வில் கேட்டால் மறைக்காதீர்கள். படை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அத்தோடு வாழ்க்கை முடிந்துவிடவில்லை. நாட்டுக்கு உழைக்கச் சீருடை மட்டுமே வழியல்ல. ஏற்கெனவே பணியில் இருப்பவர் விடுமுறைக்கு வரும்போது அவருடைய வீரக் கதைகளை மட்டும் கேட்காமல், நன்றாகத் தூங்குகிறாரா, மனம் எப்படி இருக்கிறது என்றும் கேட்போம்.

தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர்களுக்கு நம் திருச்சபையும் ஒரு காலத்தில் அடக்கச் சடங்கை மறுத்தது. கடுமையான மனநோயும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்றும் 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. இறந்தவர்கள்மேல் இத்தனை பரிவு காட்டும் நாம், உயிரோடு நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் அதை முன்கூட்டியே காட்டலாமே.

மனம் தாங்க முடியாமல் தவிக்கும்போது, இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னைக் கோட்டையில் கிளைவ் என்ற எழுத்தருக்குக் கிடைக்காத ஒரு குரல் அந்த எண்ணில் காத்திருக்கிறது. நம் வீட்டிலும் அப்படி ஒரு குரல் இருக்கட்டும்.