நாற்பதாம் அகவையில் ஏற்ற நோன்பு



மலையாள நாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு ஆண்டுப் பிறப்பு ஒன்றன்று, மூன்று. சனவரித் திங்கள் முதல் நாளில் ஒன்று, சித்திரையில் ஒன்று, கொல்லம் ஆண்டு பிறக்கும் சிங்க மாதத்தில் ஒன்று. மூன்று நாளிலும் நாம் உறுதி எடுத்துக்கொள்கிறோம். புகையிலையை விடுவது, விடியலில் எழுவது, சீட்டுக் கடனை அடைப்பது, பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது என உறுதிகளுக்குக் குறைவில்லை. ஆயின், ஒன்று தவறினால் அடுத்த பிறப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்னும் ஆறுதலும் கூடவே பிறந்துவிடுகிறது. வயது நாற்பதைத் தாண்டியவரோ, இனிமேல் எதை மாற்றுவது என்று கைவிரித்து விடுகின்றனர்.

இவ்விரு நோய்க்கும் மருந்தாக ஒரு பெரியாரின் வாழ்க்கையைச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். செல்வக் குடியில் பிறந்தவருமல்லர். நாற்பதாம் அகவையை ஒட்டி ஓர் உறுதி பூண்டு, எஞ்சிய முப்பத்து நான்கு ஆண்டுகளும் அதனை நாள்தோறும் காத்தவர். அவரே தவத்திரு மறைமலையடிகள்.

இளமை

அடிகளார் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் தோன்றினார். தந்தையார் சொக்கநாத பிள்ளை, மருத்துவத் தொழிலர். தாயார் சின்னம்மையார். நெடுநாள் மகப்பேறின்றித் திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின், அம்மலையின் பெயரால் வேதாசலம் என்று அழைத்தனர்.

நாகையில் வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்றுவரும் காலத்தே தந்தையார் மறைந்தார். குடும்பம் தளர்ந்தது, பள்ளிப் படிப்பும் முடியுமுன்னரே நின்றது. இந்நிலை நம் குடியிருப்பில் பலர் அறிந்த நிலையே. தந்தையை இழந்து, எட்டாம் வகுப்போடு கொழுந்து பறிக்கவும் கடையில் நிற்கவும் சென்ற பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! வேதாசலமோ பள்ளி நின்றமையால் படிப்பு நின்றதாகக் கொள்ளவில்லை. நாகையில் புத்தகக் கடை நடத்திவந்த நாராயணசாமி பிள்ளை என்னும் தமிழறிஞரை அடைந்து, இலக்கண இலக்கியங்களைப் பாடங் கேட்டார். சைவ நூல்களைச் சோமசுந்தர நாயகரிடம் உணர்ந்தார். ஆங்கிலத்தையும் வடமொழியையும் தம் முயற்சியால் வளர்த்துக்கொண்டார்.

மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் அன்பு அவருக்குக் கிட்டியது. அத்தொடர்பால் திருவனந்தபுரத்திற்கு வந்து சிறிது காலம் ஆசிரியப் பணியும் புரிந்தார். பிழைப்பு நாடித் தமிழர் மேற்கே வந்த வரலாற்றில் அடிகளார்க்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதாகும்.

பணியும் பிரிவும்

1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தொன்று. பரிதிமாற் கலைஞர் எனப் போற்றப்பெறும் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் அங்கே உடன் பணியாற்றினார். 1902இல் ஞானசாகரம் என்னும் இதழைத் தொடங்கினார். முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை ஆகியவற்றுக்கு ஆராய்ச்சியுரை எழுதினார். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார்.

பதின்மூன்று ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன. பின்னர், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடம் என்னும் நிலையை இழந்தது. தமிழாசிரியர் தேவையும் குறைந்தது. 1911இல் அடிகளார் கல்லூரியை விட்டு நீங்கினார். மாதந்தோறும் வந்த சம்பளம் நின்றது. மனைவி மக்களுடன் பல்லாவரத்திற் குடியேறி, அவ்வாண்டே துறவுக் கோலம் பூண்டு, சமயத் தொண்டிற்கென ஒரு நிலையத்தையும் நிறுவினார். சொற்பொழிவும் நூல் வெளியீடுமே குடும்பத்திற்கு ஊன்றுகோலாயின.

மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வோர்க்கு இதன் கடுமை விளங்கும். 2000ஆம் ஆண்டையொட்டிப் பீருமேடு வட்டத்தில் தேயிலைத் தோட்டங்கள் சில மூடப்பட்டபொழுது, லயங்களில் அடுப்பெரியாத நாள்களைக் கண்ட குடும்பங்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். வேலை போன நாளில் மனிதனின் பழக்கங்களே முதலில் சிதறுகின்றன. எழும் நேரம் தவறும். உண்ணும் நேரம் தவறும். கையில் இல்லாத காசு கள்ளுக்கடைக்குப் போகும். அடிகளாரைக் காத்தது அவருடைய ஒழுங்கே. வேலை இருந்த காலத்தும் இல்லாத காலத்தும் அவர் படிப்பும் எழுத்தும் நிற்கவில்லை.

நோன்பு

1916ஆம் ஆண்டு. பல்லாவரத்து இல்லத்தின் தோட்டத்தில் அடிகளாரும் அவர்தம் மகளார் நீலாம்பிகையும் உலாவிக்கொண்டிருந்தனர். மகளார்க்கு வயது பதின்மூன்று. இராமலிங்க வள்ளலாரின் திருவருட்பாவிலிருந்து ஒரு பாட்டை அடிகளார் பாடினார். அதில் தேகம் என்ற சொல் வந்தவிடத்தே நின்று, யாக்கை என்னும் தமிழ்ச் சொல் அங்கே அமைந்திருப்பின் ஓசையும் இனிமையும் இன்னும் சிறந்திருக்கும் என்று மகளார்க்கு விளக்கினார். அப்படியாயின் இனி நாம் பிறமொழிக் கலப்பின்றியே பேசவும் எழுதவும் வேண்டும் என்று மகளார் விரும்பினார். தந்தையார் இசைந்தார். தனித்தமிழ் இயக்கம் இவ்வாறு ஒரு வீட்டின் உறுதியாகவே தோன்றியது.

வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. நிலையத்தின் பெயரும் பொதுநிலைக் கழகம் என மாறியது.

பெயரை மாற்றுதல் எளிது. நாவையும் கையையும் மாற்றுதலே அரிது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடசொல் கலந்து எழுதிப் பழகிய கை அது. மேடையில் மணிக்கணக்காகப் பேசும் நாவும் அப்பழக்கமுடையதே. ஒவ்வொரு தொடரிலும் பழைய சொல் வந்து முன்னிற்கும். அதனை விலக்கி உரிய தமிழ்ச் சொல்லைத் தேடியாதல் வேண்டும். ஒரு நாளில் நூறு முறை தோன்றும் சோதனை இது. அடிகளார் புதிய எழுத்தில் மட்டும் இதனைப் பேணவில்லை. தாம் முன்னர் எழுதிய நூல்களை மறுபடி அச்சிட்ட காலத்து, அவற்றிலிருந்த வடசொற்களையும் நீக்கித் திருத்தினார். செய்து முடித்த வேலையைத் திரும்ப எடுத்துச் செப்பனிடும் பொறுமை எத்தனை பேர்க்கு வாய்க்கும்?

அவ்வுறுதியின் பயனை நாம் இன்று அறியாமலே துய்க்கின்றோம். நம் பாட்டனார் காலத்து அழைப்பிதழ்களில் அக்கிராசனர், காரியதரிசி என்று அச்சிட்டனர். இன்று நம் சங்கத்து அழைப்பிதழில் தலைவர், செயலாளர் என்று அச்சிடுகின்றோம். அடிகளார் ஒருவரால் மட்டும் வந்த மாற்றம் இதுவன்று. அவர் வழியில் நடந்தோர் பலர். எனினும் அவ்வழியின் முதலடி பல்லாவரத்துத் தோட்டத்தில், தந்தையும் மகளும் எடுத்து வைத்தது. மகளாரும் அந்நோன்பை விடவில்லை. தாமும் நூல்கள் இயற்றி, வடசொற்களுக்கு உரிய தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தியும் வெளியிட்டார்.

நாட்குறிப்பு

அடிகளாரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கல்லூரிப் பணியில் சேர்ந்த 1898ஆம் ஆண்டு முதல் மறைந்த 1950ஆம் ஆண்டு வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், நாட்குறிப்பு எழுதி வந்தார். அன்றாடம் செய்த பணியும் கண்ட மனிதரும் அதில் இடம்பெற்றன.

இரயில்வேயில் எழுத்தர் பணி செய்வோர்க்கு இதன் அருமை தெரியும். இருப்புப் பாதை எட்டிப் பாராத இம்மலைநாட்டு அன்பர்க்கு ஒரு சொல் கூறுவேன். வண்டி எத்தனை நிமிடம் தாழ்ந்து வந்தது என்று பதிவேட்டில் எழுதியே தீர வேண்டும். எழுதுவதனால் அன்றைய வண்டி முன்னதாக வந்துவிடாது. ஆனால் ஒரு மாதத்துப் பதிவை ஒருங்கே நோக்குங்கால், எந்த நாளில் எந்த இடத்தில் தாழ்கிறது என்பது வெளிப்படும். திருத்தத்திற்கு வழி பிறக்கும். மனிதனின் உறுதிக்கும் இதுவே முறை.

தனித்தமிழ் நோன்பு பூண்ட அடிகளார் தம் நாட்குறிப்பை ஆங்கிலத்திலேயே எழுதிவந்தார் என்பதைச் சிலர் குறையாகச் சுட்டுவர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தமிழில் எழுதும்போதும் பேசும்போதும் பிறமொழி கலவாமை என்பதே அவர் நோன்பு. பிறமொழியைக் கற்கக் கூடாது, கையாளக் கூடாது என்று அவர் கொள்ளவில்லை. நோன்பின் எல்லை தெளிவாயிருந்தமையாலேயே அதனைக் காத்தல் இயன்றது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் புகுவோர் ஒன்றையும் மாற்றுவதில்லை.

உடலோம்பல்

உள்ளத்தைப் பேணியவர் உடலைப் புறக்கணிக்கவில்லை. பொருந்தும் உணவும் பொருந்தா உணவும் என்ற நூலை 1921இல் வெளியிட்டார். மரக்கறி உணவையே மேற்கொண்டு, பிறர்க்கும் அதனையே வலியுறுத்தினார். உறக்கத்தைப் போன்று உள்ளத்தை ஓய்வுகொள்ளச் செய்யும் அறிதுயிலைப் பற்றி 1922இல் ஒரு நூல் வரைந்தார். மக்கள் நூறாண்டு உயிர்வாழும் நெறியைப் பற்றி 1933இல் விரிவாக எழுதினார். தமிழாசிரியர் ஒருவர் இலக்கியத்தோடு நின்றுவிடாமல், உணவு, உறக்கம், உடல்நலம் ஆகியவற்றைப் பற்றி எளிய மக்கட்கும் எழுத முன்வந்தமை அந்நாளில் அரிய செயலாகும்.

அடிகளார் 1950ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், தம் எழுபத்து நான்காம் வயதில் இயற்கை எய்தினார். நூறாண்டு வாழும் வழி உரைத்தவர் நூறு வாழவில்லையே என்று நகைப்போர் உண்டு. அவர்கள் ஒரு கணக்கை நோக்க வேண்டும். 1941 முதல் 1951 வரையான காலத்தில் இந்திய மக்களின் சராசரி வாழ்நாள் சுமார் 32 ஆண்டுகளே. பச்சிளங் குழந்தைகளின் சாவு மிகுந்திருந்தமையால் அவ்வெண் அவ்வளவு தாழ்ந்தது என்பது உண்மை. அதனைக் கழித்துப் பார்த்தாலும், அந்நாளில் எழுபத்து நான்கு என்பது சிறிய வயதன்று. நூறு என்பது அவர் வைத்த குறி. குறியை எட்டாதவர் தோற்றவர் என்றால், உலகில் வென்றவர் எவருமிலர். அக்குறியை நோக்கி நடந்த நடையில் ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களை நமக்கு விட்டுச்சென்றார். மாணிக்கவாசகர் வரலாற்றையும் காலத்தையும் பற்றிய பேராராய்ச்சி நூல் பல்லாண்டு உழைப்பின் பின் 1930இல் வெளிவந்தது. அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்து மூன்று கடந்துவிட்டது.

அவர் தேடிச் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ நாலாயிரம். அவை தமிழ் மக்களுக்கே உரியனவாக வேண்டும் என்று விரும்பினார். 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தாரின் முயற்சியால், அந்நூல்களைக் கொண்டு மறைமலையடிகள் நூலகம் திறக்கப்பட்டது.

நமக்கு

கிறித்து ஆண்டோடு 31ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு வரும். திருவள்ளுவரின் காலம் பற்றி அடிகளார் கொண்ட கருத்தைத் தழுவியதே அக்கணக்கு. ஆகவே, நாட்காட்டியில் புத்தாண்டை நோக்கும்பொழுதெல்லாம் அடிகளாரை நினைத்தல் பொருத்தமே. நினைப்பதோடு அமையாது, அவர் வாழ்விலிருந்து சிலவற்றை நம் லயத்திற்கும் வீட்டிற்கும் கொண்டுவர இயலும்.

முதலாவது, உறுதி ஒன்றே ஒன்றாயிருக்கட்டும். அதுவும் அன்றாடம் கைக்கு வரும் செயலில் அமையட்டும். ஏலப்பாறையில் தேயிலைக்குப் பஞ்சமில்லை. தேநீரை விடச் சொன்னால் யாரும் கேளார். ஆனால் ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை வீதம் நாளைக்கு ஐந்து குவளை பருகுவோர், பத்துத் தேக்கரண்டி, அஃதாவது ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை உட்கொள்கின்றனர். மாதத்திற்கு ஒன்றே கால் கிலோ அளவில் ஆகிறது. குவளைக்கு ஒரு கரண்டியைக் குறைத்தால் பாதி மிச்சம். தேநீரும் இருக்கும், உடலும் தேறும். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் அன்பர்கள், வாய்ப்புற்று அதனால் விளைகிறது என்பதை நினைந்து, முதலில் அதனையே தங்கள் நோன்பாகக் கொள்வாராக.

இரண்டாவது, எழுதி வைத்தல். பத்து உரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். இன்று காத்தேன், இன்று தவறினேன் என்று ஒரு வரி எழுதுக. தவறிய நாளையும் எழுதுக. தவறிய நாளை மறைப்பவனே அடுத்த நாளும் தவறுகிறான்.

மூன்றாவது, வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளல். அடிகளார் தம் உறுதியைப் பதின்மூன்று வயது மகளோடு சேர்ந்து எடுத்தார். தந்தை தவறினால் மகள் திருத்துவாள். மகள் சோர்ந்தால் தந்தை ஊக்குவார். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர், அது நன்றே. ஆனால் ஊரிலிருந்து அப்பத்தா அனுப்பும் கடிதத்தைப் பேரப்பிள்ளை படிக்க மாட்டாமல் அண்டை வீட்டாரிடம் கொடுக்கும் நிலை வந்துவிட்டது. இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம், பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து ஒரு பக்கம் தமிழ் படித்தல் என்பது செலவில்லாத நோன்பு. ஆண்டு முடிவில் முந்நூற்று அறுபத்தைந்து பக்கம் ஆகும். எழுத்தறியாத தாயாரும் அருகிருந்து கேட்கலாம், பிள்ளையே ஆசிரியனாகட்டும்.

வயது கடந்துவிட்டது என்று தளரும் அன்பர்க்கு ஒன்றே கூறுவேன். வேதாசலம் மறைமலையானது நாற்பதில். அவர் அன்று, இனிமேல் எதற்கு என்று தோட்டத்திலிருந்து வீட்டுக்குள் திரும்பியிருந்தால், நம் மொழியின் முகமே வேறாயிருந்திருக்கும். நமக்கு அவ்வளவு பெரிய பணி இல்லை. நம் வீட்டின் முகத்தை மாற்றினால் போதும். அடுத்த ஆண்டு விழாவில் நாம் மீண்டும் கூடும்பொழுது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!